கூகுள் ஸ்காலர் புரொஃபைல்: பட்டியலுக்குக் கைகொடுக்கும், துறை தாண்டினால் கைவிரிக்கும்

காசு கேட்காது, நூலகச் சந்தாவும் வேண்டாம். ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றை மேற்கோள் காட்டியவர்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுவதில் கூகுள் ஸ்காலர் புரொஃபைலின் எளிமைக்கு ஈடில்லை. வில்லங்கம் அந்தப் பட்டியலில் இல்லை. வலப்பக்கம் மேலே உள்ள சின்னப் பெட்டியில் இருக்கிறது. மொத்த சைட்டேஷன் (மேற்கோள் எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் என்று மூன்றே வரி. வெவ்வேறு துறைக்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்தி "இவர்தான் சிறந்தவர்" என்று சொல்ல அந்தப் பெட்டியை எடுத்தால் கணக்கு தப்பும்.

எச்-இண்டெக்ஸ் 20 என்றால், தலா 20 முறையாவது மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 உள்ளன என்று பொருள். ஐ10 என்பது பத்து அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்த ஜார்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். அவர் அன்று காட்டிய கணக்கிலேயே இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிர் அறிவியலில் உச்சத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. இதை வைத்து விட்டன் ஒரு படி கீழே என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உயிர் அறிவியலில் கட்டுரைகள் அதிகம், ஒவ்வொன்றின் மேற்கோள் பட்டியலும் நீளம். ஆய்வகத்தில் அன்றாடம் கையாளும் செய்முறை என்றால் கேட்கவே வேண்டாம்: புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையைச் சொன்ன லௌரி குழுவின் 1951 கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றது.

கணிதத்தில் நிலைமை தலைகீழ். கட்டுரைகள் குறைவு, மேற்கோள் மெதுவாகத்தான் வரும். ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் போடுவது அங்கே வழக்கம் என்பதால், "முதல் ஆசிரியர் யார்" என்று பார்த்து ஆளை மதிப்பிடும் தேர்வுக் குழு அங்கேயும் சறுக்கும். துகள் இயற்பியல் வேறோர் எல்லை. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் ஆய்வுக் குழுக்கள் 2015-இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயிற்று. ஸ்காலர் மேற்கோளைப் பங்கு பிரிப்பதில்லை, அத்தனை பேருக்கும் முழுசாகவே ஏற்றுகிறது.

துறைக்குத் துறை உள்ள மேற்கோள் வித்தியாசத்தைச் சரிக்கட்டித் தரும் கட்டணச் சேவைகளாவது தப்பினவா? அதுவும் முழுதாக இல்லை. அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களை ஆண்டுதோறும் அறிவிக்கும் கிளாரிவேட் நிறுவனம், 2023 பட்டியலில் கணிதத்தையே விட்டுவிட்டது. சராசரி மேற்கோள் குறைவான துறையில் சிலர் கூடி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டினாலே உச்சிக்குப் போய்விட முடிகிறது என்பதுதான் காரணம்.

ஸ்காலருக்குச் சாதகமான இடமும் உண்டு. கணினி அறிவியலில் பெரிய மாநாட்டுக் கட்டுரைகள்தான் மதிப்பு. இதழை மட்டும் எண்ணும் கணக்கு அங்கே உதவாது, ஸ்காலர் இரண்டையும் எடுக்கிறது. வரலாறு, இலக்கியம் போன்ற நூல் சார்ந்த துறைகளுக்கும் மற்றவற்றைவிட இதில் கொஞ்சம் நியாயம் கிடைக்கும். ஆனால் வாசல் அகலம் என்பதால் போலியும் நுழைகிறது. 2024-இல் இரண்டு ஆய்வாளர்கள், அர்த்தமில்லாத கட்டுரைகளை இணையத்தில் ஏற்றி, லாரி என்ற பூனைக்கு எச்-இண்டெக்ஸ் 11 வாங்கிக் கொடுத்துக் காட்டினார்கள்.

தமிழில் எழுதுவோருக்குத் தனிச் சங்கடம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். தேடலில் தலைப்பு அகப்படாது, மேற்கோளும் சேராது. யூனிகோடில் ஏற்றுங்கள். முதல் பக்கத்தின் மேலே தலைப்பு பெரிய எழுத்தில், அதன் கீழே தனி வரியில் ஆசிரியர் பெயர், கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். படமெடுத்த பக்கங்களாக இருந்தால் எழுத்தைத் தேட முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

கணக்குத் தொடங்கும்போது கல்லூரி அல்லது நிறுவன மின்னஞ்சலைச் சரிபார்த்துப் பக்கத்தைப் பொதுவாக்காவிட்டால் தேடலில் வராது. புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள். மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும் தெரிவே பாதுகாப்பு. "எஸ். குமார்", "ஆர். பிரியா" மாதிரி இனிஷியலோடு எழுதும் நமக்கு இது மிக முக்கியம், வேறொருவரின் மருத்துவக் கட்டுரை தமிழ்த்துறைப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே கட்டுரை இரண்டாகத் தெரிந்தால் இரண்டையும் டிக் செய்து மெர்ஜ் கொடுக்கலாம். பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வந்தால், இணைத்தவை ஒரே கட்டுரைதானா என்று திறந்து பாருங்கள்.

ஒப்பிட்டே ஆக வேண்டிய கட்டாயம் என்றால், ஆன்-வில் ஹார்சிங் உருவாக்கிய 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருளில் ஸ்காலர் தரவை இறக்குங்கள். ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து எச்-இண்டெக்ஸ் போடும். அதை ஆய்வு வாழ்க்கையின் ஆண்டுகளாலும் வகுத்துத் தரும். ஆசிரியர் கூட்டமும் வயது வித்தியாசமும் இதில் ஓரளவு அடங்கும், துறை வித்தியாசம் அடங்காது. ஒரு தேடலுக்கு 1,000 முடிவுதான் வரம்பு. அடுத்தடுத்து அவசரமாகத் தேடினால் கூகுள் கேப்ச்சா (மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) கேட்டு நிறுத்திவிடும், இடைவெளி விட்டுத் தேடுங்கள்.