மாஸ்டொடன்: நல்ல செயலி, வாசல்தான் இடறுகிறது

பாம்பனில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் நாட்டுப்படகுத் தொழிலாளர்களுக்கும் மாஸ்டொடனை அறிமுகப்படுத்தி, அவர்கள் அதைப் பயன்படுத்துவதை அருகிலிருந்து பார்த்துவருகிறேன். யூஜென் ரோச்கோ 2016இல் வெளியிட்ட இந்தச் சமூக ஊடக மென்பொருளை வைத்து யார் வேண்டுமானாலும் சர்வர், அதாவது பயனர்களின் கணக்குகளையும் பதிவுகளையும் தாங்கும் கணினி, நடத்தலாம். சர்வர்கள் ஒன்றையொன்று தடுத்திராத வரை, ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம். மண்டபத்தில் கட்டிய படகும் தங்கச்சிமடத்தில் கட்டிய படகும் ஒரே கடலில் தொழில் செய்வதைப் போன்றது இது. விளம்பரம் கிடையாது. நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசையிலேயே வருகின்றன. காற்றின் போக்கைப் பார்த்துக் கடலுக்குப் போவதா என்று முடிவெடுப்பவருக்கு, நேற்றைய எச்சரிக்கை இன்றைய செய்திக்கு மேலே வந்து நிற்காமலிருப்பது சிறிய வசதி அல்ல.

ஆனால் கணக்குத் தொடங்கும் இடத்திலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். 2023 முதல் அதிகாரபூர்வ ஆப், மாஸ்டொடன்.சோஷியல் என்ற பெரிய சர்வரையே முதலில் முன்வைக்கிறது என்றாலும், கீழேயுள்ள மற்றொரு பொத்தானைத் தொட்டுவிட்டால் நீண்ட சர்வர் பட்டியல் விரிகிறது. அதன் நடுவே விரலை நிறுத்திக்கொண்டு ஓர் அக்கா கேட்டார்: “தம்பி, இதுல நம்ம ஊரு பேரு ஒண்ணும் இல்லையே, எதைத் தொடுறது?” உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே ஆப் கேட்கும் ‘எந்தச் சர்வர்?’ என்ற கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்ல முடியும்? அடுத்து, பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும் சர்வர் விதிகளுக்கு ஒப்புதல் தர வேண்டும். பிறகு மின்னஞ்சல் கேட்கிறது. இங்கே பலருடைய ஜிமெயில் முகவரி, போன் வாங்கியபோது கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. அது என்னவென்று அவர்களுக்கே தெரியாது. தொலைபேசி எண்ணும் ஓடிபியும் பழகியவர்களுக்கு இது பெரிய தடை.

இவற்றைத் தாண்டி உள்ளே வந்தவருக்கு, தெரிந்தவர் யாரையும் பின்தொடராத நிலையில், முகப்பு வெறுமையாக இருக்கிறது. ஒலிக்கோப்பை இணைக்க வழி உண்டு. வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல் மைக்கை அழுத்திப் பேசி அனுப்பும் வசதி இல்லாதது, எழுதத் தயங்குவோர் நிறைந்த எங்கள் கரைக்குப் பெருங்குறை.

நான் பார்த்தவரை உண்மையில் பயன்படுவது அழைப்பு இணைப்புதான். சர்வரை நடத்துபவர் அனுமதித்திருந்தால், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் ஓர் இணைப்பை உருவாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அதன் வழியாகச் சேருபவர் சர்வர் பட்டியலைப் பார்க்கவே தேவையில்லை, அழைத்தவரைத் தானாகவே பின்தொடரும்படியும் அதில் அமைத்துவிடலாம். இத்தனை பயனுள்ள வசதியை செட்டிங்ஸ் பக்கத்துக்குள் ஒளித்துவைக்காமல் முகப்பிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சர்வர் மாறினால் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம், பழைய பதிவுகள் வராது. எனவே சர்வரை முதலிலேயே தெரிந்தவர் ஒருவர் பார்த்துத் தேர்ந்து கொடுப்பது நல்லது.

தனியாக முயலும் புதியவருக்கு இந்த ஆப்பை இன்றைய நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள ஊர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அவர்களுக்குத் தொடங்கிக்கொடுக்க அதுவே ஏற்ற சமயம்.