மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவில் கேம்பிங் போகப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 1,680 வெள்ளி (ரிங்கிட்) போச்சு

திங்கட்கிழமை விடியற்காலைதான் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தோம். இன்று வியாழன். காலில் மணல் ஈ கடித்த தடிப்பும் ஆறவில்லை, வயிற்றெரிச்சலும் ஆறவில்லை. ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னித்து விடுங்கள்.

நாங்கள் ஆறு பேர், தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்து தோழிகள். ஒருத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் ஒரு ராத்திரியாவது ஆளில்லாத கடற்கரையில் கூடாரம் போட்டுப் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. ரிசார்ட் வேண்டாம், கும்பல் வேண்டாம், நாம் மட்டும் என்றாள். (வீட்டில் ரிசார்ட் என்றுதான் சொல்லியிருந்தோம். அம்மா இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.)

சமூக ஊடகத்தில் ஒரு பக்கம். தீவு, மலை, நீர்வீழ்ச்சி என்று ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்கள். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று என் அண்ணன் பயமுறுத்துகிறான், அதனால் போடவில்லை. ஆளுக்கு 280 வெள்ளி. கோலா பெசுட் ஜெட்டியிலிருந்து போக வர போட், மூன்று கூடாரம், பாய், ஸ்நோர்க்கலிங் மாஸ்க், மசாலா தடவிய கோழி, கரி, குடிதண்ணீர், ராத்திரி முழுக்கத் துணைக்கு ஒரு கைடு. அனுமதி, கட்டணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆறு பேருக்கு 1,680 வெள்ளி. பக்கத்தில் படங்களும் நிறைய இருந்தன. மணலில் வரிசையாக நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிற கூட்டங்கள், எல்லாம் நம் பிள்ளைகள். பெருவிரலைத் தூக்குகிறவர்கள் பொய்யா சொல்வார்கள் என்று நினைத்தேன்.

பேசியது நான்தான். எழுதிக் கேட்டால் குரல் பதிவில் பதில் வந்தது, நல்ல தமிழில். "தங்கச்சி, ஆறு பொம்பளப் பிள்ளைங்க போறீங்க. வேற ஆளுங்கள நம்பிப் போயிடாதீங்க. என் சொந்தத் தங்கச்சிங்க மாதிரி பாத்துக்குறேன்." பின்னால் ஒரு குழந்தை அழுதது. "இருடா, அப்பா பேசிக்கிட்டு இருக்கேன்ல" என்று அவர் அதட்டியதும் அதில் பதிவாகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் விழுந்தது அந்த இடத்தில்தான். விலையிலும் இல்லை, படத்திலும் இல்லை. பிள்ளை குட்டி உள்ள மனுஷன், நம்ம ஆளு, அவ்வளவுதான்.

டியூட்நவ்வில் (போனிலேயே உடனே பணம் அனுப்புகிற முறை) பணம் அனுப்பும்போது கணக்குக்காரர் பெயர் திரையில் வருமே, அதில் கம்பெனி பெயர் இல்லை. யாரோ ஒரு பெண்ணின் பெயர். விரல் ஒரு நிமிஷம் நின்றது. கேட்டேன். "அது நம்ம கணக்குப் பாக்குற பிள்ளைம்மா, கம்பெனி அக்கவுண்ட மாத்திக்கிட்டு இருக்கோம்" என்றார். கேட்டதற்கு நான் "சாரி அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று வேறு எழுதினேன்! மெர்டேக்கா (சுதந்திர தின) வாரம், போட் கிடைக்காது, முழுசாகக் கட்டிவிடுங்கள் என்றார். கட்டினேன். 1,680 வெள்ளி, ஒரே தட்டில்.

வெள்ளி ராத்திரி கிளம்பி, விடிய விடிய ஓட்டி, ஜெட்டிக்குப் போகும்போது மணி ஏழு. ஒன்பது மணி போட் பன்னிரண்டரைக்கு வந்தது. கடல் பூங்காக் கட்டணத்தை நாங்களே கவுண்டரில் கட்டினோம். கைடைக் காணோம். போட்காரப் பையன் பாவம், கையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தான். நீல மையில் "6 ஓராங், ஹந்தார் சாஜா" என்று எழுதியிருந்தது. ஆறு பேர், கொண்டு போய் விட மட்டும். திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. அதைப் பார்த்தும் போட்டில் ஏறினோம், பாருங்கள்.

பெரிய தீவான பெர்ஹெந்தியான் பெசாரின் வடக்குப் பக்கம் ஒரு சின்ன வளைகுடாவில் இறக்கிவிட்டான். அழகில் குறை சொல்ல முடியாது. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி, இடுப்பளவு ஆழத்தில் நின்றால் கால் நகம் தெரிகிறது. இறங்கியதும் போனில் செய்தி: "சேந்துட்டீங்களா தங்கச்சி? எல்லாரும் நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க, மனசு நிம்மதியா இருக்கும்." அனுப்பினோம். கட்டை விரலைத் தூக்கிக்கொண்டுதான்.

அதற்கப்புறம்தான் மரத்தடியில் கிடந்த கறுப்புக் குப்பைப் பையைப் பிரித்தோம். கூடாரம் இரண்டு. ஒன்றின் கம்பி ஒடிந்து, ஒயர் சுற்றுகிற டேப்பைச் சுற்றியிருந்தது. சின்னத் தண்ணீர் பாட்டில் பன்னிரண்டு. ஈரமான கரி ஒரு பை. கோழி இல்லை, மாஸ்க் இல்லை, பாய் இல்லை. சிக்னல் ஒரு பாறை மேல் ஏறினால்தான் ஒரு கோடு வரும். ஏறிப் போய்க் கேட்டால், "கைடு அடுத்த போட்ல வர்றாரும்மா." நாலு மணிக்கு, "இன்ஜின் கோளாறு." ஆறு மணிக்கு, "அண்ணன் கார் ஓட்டிக்கிட்டு இருக்கேன்." அதோடு சரி. நாங்கள் கொண்டு போன ரொட்டியையும் ஒரு உடும்பு பையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆறு பேரும் சார்டின் டின்னும் மிக்சரும் சாப்பிட்டோம்.

பத்து மணி வாக்கில் இருட்டில் இரண்டு சிவப்பு வெளிச்சம் நகர்ந்து வந்தது. கல்யாணப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. வந்தவர்கள் ஆமைகளைக் காவல் காக்கிறவர்கள். எடுத்த எடுப்பில் திட்டுத்தான் விழுந்தது: இது கடலாமை முட்டையிடும் கரை, ராத்திரி யாரும் தங்கக் கூடாது, வெள்ளை வெளிச்சம் கூடாது, நெருப்பு கூடவே கூடாது, வெளிச்சத்தைப் பார்த்தால் ஆமை ஏறாமல் திரும்பிவிடும். அனுமதி எல்லாம் எடுத்தாச்சு என்று நான் போனைக் காட்டினேன். அவர்கள் சிரிக்கக்கூட இல்லை. கரி ஈரமாக இருந்தது ஆமையின் அதிர்ஷ்டம்.

உடனே கிளம்பவும் முடியவில்லை, ஏனென்றால் ஒன்று ஏற்கனவே மேலே ஏறி வந்திருந்தது. அசையாமல் உட்காரச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசை அளவு முதுகு. முன்துடுப்பால் அது வாரி இறைத்த மணல் என் முழங்காலில் வந்து விழுந்தது. நடுநடுவே ஒரு பெருமூச்சு, வயசான பாட்டி படியேறி வந்து உட்கார்ந்தால் விடுவாரே, அந்த மாதிரி. அரை மணி நேரம் ஆறு பேரும் வாயே திறக்கவில்லை. அந்தக் கரையில் காசு கொடுக்காமல் கிடைத்தது இது ஒன்றுதான்.

பிறகு அவர்களே போட்டில் ஏற்றி, ஆட்கள் இருக்கிற கரையில் கொண்டு போய் விட்டார்கள். ஒரு சாலே (குடில் விடுதி) நடத்துகிற காக்காக் (அக்கா) சாப்பாட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளச் சொல்லி, சுடச்சுட தே ஓ (பால் இல்லாத டீ) போட்டுக் கொடுத்தார். காசு நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் பதினொரு மணிக்குத் திரும்பும் போட் வர வேண்டும். வரவில்லை. வந்த பதில் என்ன தெரியுமா? "நீங்கதானே இடம் மாறுனீங்க? போட் அங்க வந்து பாத்துட்டு ஆள் இல்லன்னு திரும்பிருச்சு." ஆளுக்கு 35 வெள்ளி கொடுத்து, 210 வெள்ளி கைக்காசில் கரைக்கு வந்தோம்.

காரில் வரும்போதே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பதினான்கு வேலை நாள் ஆகும் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன், "பாஸ் சிங்கப்பூர்ல இருக்காரு" என்றார். அதுவரைக்கும் பாஸ் அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "தங்கச்சி" போய் "மேடம்" ஆனது. செவ்வாய்க்கிழமை காலை என்னை பிளாக் செய்தாகிவிட்டது. அந்தப் பக்கத்தைப் பற்றி ஊடகத் தளத்தில் புகார் கொடுத்தேன், "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று இரண்டே நிமிஷத்தில் பதில். போலீசில் ரிப்போர்ட் போடப் போனால், போட் வந்ததா, கொண்டு போய் விட்டார்களா, அப்படியென்றால் இது மோசடி ஆகாது, சேவை சரியில்லை என்று பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்கிறார். 1,680 வெள்ளிக்கு ஒரு போட் சவாரி, ஒடிந்த கம்பி, பன்னிரண்டு பாட்டில் தண்ணீர். இதற்குப் பெயர் சேவையாம்.

ஏமாறாமல் இருக்கப் பத்து வழி என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் கணக்கு எண்ணை போலீசின் செமாக் மியூல் தளத்தில் (அந்தக் கணக்கு மேல் மோசடி ரிப்போர்ட் இருக்கிறதா என்று காட்டும்) போட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. நான் செவ்வாய்க்கிழமைதான் போட்டேன், அந்த எண்ணில் ஏற்கனவே மூன்று ரிப்போர்ட். சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேளுங்கள். சுத்தமாக ஏமாற்றிவிட்டார்கள் என்றால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அடியுங்கள், என்னை மாதிரி மூன்றாம் நாள் அடிக்காதீர்கள். தீர்ப்பாயத்தில் மனுவுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், ஆனால் எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும். இவர்களுக்கு முகவரி ஏது? அதனால் முகவரி இல்லாத இடத்தில் முழுப் பணம் கட்டாதீர்கள். குழந்தை அழுகிற சத்தத்தை நம்பாதீர்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே தோழி ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். அந்தப் பக்கத்தில் இன்று காலை புது விளம்பரம்: "மெர்டேக்கா கேம்பிங் சக்சஸ்! அடுத்த பயணத்துக்கு எட்டு இடம்தான் பாக்கி." கீழே பச்சைத் தண்ணீர், கட்டை விரலைத் தூக்கிச் சிரிக்கிற ஆறு பெண்கள். மஞ்சள் தொப்பி போட்டிருப்பவள் நான். அதற்குக் கீழே யாரோ ஒரு தங்கச்சி "விலை எவ்வளவு அண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா கண்ணில் படுவதற்கு முன்னால் அவள் கண்ணில் இது பட வேண்டும்.