புடாபெஸ்ட் செம்மல்வைஸ் மியூசியம்: பொறந்த வீட்லயே சமாதி

முதல்லயே சொல்லிடறேன், உள்ள முழுக்க, டாக்டருங்கள கை கழுவச் சொல்லி தாய்மார் உயிர காப்பாத்துன டாக்டர் செம்மல்வைஸ் கதைதான் இருக்கும்னு நெனச்சுப் போகாதீங்க. இது மொத்த மருத்துவ வரலாற்றுக்குமான மியூசியம். மெழுகுல செஞ்ச ஒரு பொண்ணு உருவம், வயித்த தொறந்து உள்ளுறுப்பு அத்தனையும் தெரியுற மாதிரி படுத்திருக்கும், அப்புறம் பெஸ்ட்ல (டனூப் ஆத்துக்கு கிழக்க இருக்குற ஊர் பாதி) இருந்த ஒரு பழைய மருந்துக்கடைய மர அலமாரியோட அப்படியே கொண்டாந்து வச்சிருக்காங்க, எனக்கு அதுலயே பாதி நேரம் போயிருச்சு.

கோட்டை மலை அடிவாரத்துல, தபான் பகுதியில இருக்கு. 1818ல இக்னாஸ் செம்மல்வைஸ் பொறந்தது இந்த வீட்லதான், அப்பா மளிகை வியாபாரி. அவர் யூஸ் பண்ண மேஜை, புத்தக அலமாரி எல்லாம் ஒரு ரூம்ல இருக்கு.

கதை தெரியாம போனா அது வெறும் பழைய பர்னிச்சர் தாங்க, அதனால கொஞ்சம் படிச்சுட்டுப் போங்க. அவர் வேலை பார்த்த வியன்னா பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு பிரசவ வார்டு, ஒண்ணுல டாக்டரும் மாணவர்களும், இன்னொண்ணுல மருத்துவச்சிங்க. 1846ல டாக்டர் வார்டுல நூத்துக்கு 11 பேருக்கு மேல பிரசவக் காய்ச்சல்ல செத்தாங்க, மருத்துவச்சி வார்டுல 3 பேர் கூட இல்ல. அந்த முதல் வார்டு மட்டும் வேணாம்னு பொம்பளைங்க கெஞ்சுவாங்களாம்! 1847ல செம்மல்வைஸோட நண்பர், டாக்டர் கொலெட்ச்கா பிரேதப் பரிசோதனை நேரத்துல விரல்ல கத்தி பட்டு இறந்துட்டார், அவரோட பிரேத ரிப்போர்ட்ட பார்த்தா அந்தத் தாய்மாருக்கு வந்த அதே கேடு. அப்பத்தான் செம்மல்வைஸுக்குப் புரியுது, பிணத்த அறுத்த கையோட டாக்டருங்க நேரா பிரசவம் பார்க்க வர்றாங்கன்னு. நம்ம பிளீச்சிங் பவுடர் இருக்குல்ல, அதே சரக்குல கை கழுவச் சொன்னார், ஏன் அதுன்னா பிண வாடை போகுதே, அவ்ளோதான் லாஜிக். ஏப்ரல்ல 18 சதவீதம் இருந்த சாவு ஜூன்ல 2 சொச்சத்துக்கு வந்துருச்சு.

இதுக்கப்புறமும் பெரிய டாக்டருங்க ஒத்துக்கல, நம்ம கையாலதான் செத்தாங்கன்னு எவன் ஒத்துப்பான். அவரும் சும்மா இல்ல, எதிர்த்த பேராசிரியர்களுக்கு கொலைகாரன்ற ரேஞ்சுல லெட்டர் போட்டார். 1865ல மனநல காப்பகத்துல சேர்த்தாங்க, ரெண்டே வாரத்துல சீழ் பிடிச்ச காயத்தால போய்ட்டார், வயசு 47.

வியன்னாவுல புதைச்சவர 1891ல புடாபெஸ்ட் கொண்டாந்தாங்க, அங்கிருந்து 1960கள்ல இந்த வீட்டு முற்றத்துக்கே மாத்திட்டாங்க. சுவரோரமா இருக்கு, டிக்கெட் எடுத்த வேகத்துல பார்க்காம போயிடாதீங்க. எனக்கு மெழுகு பொம்மைய விட அங்க நின்னதுதான் மனசுல இருக்கு.

டனூப் ஓரமா போற 19, 41 டிராம்ல வரலாம். டைம் இருந்தா பெஸ்ட் பக்கம் ரோக்குஷ் ஆஸ்பத்திரி வாசல்ல அவர் சிலையையும் பாருங்க, காலடியில ஒரு அம்மா, கையில குழந்தை. சம்பளம் வாங்காம அவர் அங்க வேலை பார்த்த ஆறு வருஷத்துல 933 பிரசவம், பிரசவக் காய்ச்சல்ல செத்தது 8 பேர்தான்.