தலைவலிக்குப் பேக்கேஜ் விற்கும் பிசியோதெரபி மையம்: மதுரைக்காரர்கள் கவனத்திற்கு

மதுரை பைபாஸ் சாலைப் பக்கம் உள்ள ஒரு பிசியோதெரபி மையம், என் அக்காவின் தலைவலிக்கென்று பெருந்தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, செய்ய வேண்டிய சிகிச்சையைச் செய்யாமலே ஏமாற்றியது.

அக்கா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர். நாள் முழுதும் குனிந்த தலை நிமிராத வேலை என்பதால், பிடரியில் தொடங்கும் வலி ஒரு பக்கமாக ஏறிக் கண்ணுக்கு மேல் வந்து நிற்கும். மேல்கழுத்தின் நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் ஒரே இடத்தில் வந்து சேர்வதால் கழுத்தின் கோளாறு நெற்றியில் வலியாகத் தெரியும் என்பது பிசியோதெரபி படித்த எவரும் அறிந்ததே. அந்த மையத்திலோ கழுத்தைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று சோதிக்கவும் இல்லை. காய்ச்சல், பார்வை மங்கல், கைகால் பலவீனம் ஏதும் உண்டா என்ற கேள்வியும் எழவில்லை; இருந்தால் முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வலி மாத்திரையைப் பற்றியும் கேட்கவில்லை. (சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, தொடர்ந்து சில மாதங்கள் விழுங்கினால் அதுவே தலைவலியை நிலைக்கச் செய்துவிடும்.) மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஓர் அட்டையை மட்டும் நீட்டினார்கள்.

போகும்போதெல்லாம் ஓர் இளைஞர் கழுத்தில் பட்டைகளை ஒட்டி இயந்திரத்தை முடுக்கிவிட்டுக் கைபேசியோடு வெளியே போய்விடுவார். அந்த நேரத்துக்கு அது இதமாக இருந்ததை மறுக்கவில்லை. மறுபடி முடிச்சுக்கு உட்கார்ந்ததும் வலி வந்துவிடும். உடற்பயிற்சி சொல்லித்தர மாட்டீர்களா என்று அக்கா கேட்டதற்கு, அது அடுத்த பேக்கேஜில்தான் வரும் என்றார்கள். எனக்குக் கோபம் மூண்டது இங்கேதான். ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரக் கைமுறைச் சிகிச்சையாலும் பயிற்சியாலும் இவ்வகைத் தலைவலி குறைந்து, ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. பயிற்சியைத் தனியாக விலை பேசுவது, மருந்தை எடுத்துவைத்துக்கொண்டு வெறும் சீட்டை விற்பதற்கு ஒப்பாகும்.

கடைசியாக அந்த இளைஞர், எதுவும் சொல்லாமல், கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்க முயன்றார். அக்கா கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அரிதாகவேனும் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய செயல் அது. மீதிப் பணத்தைக் கேட்டபோது, கட்டிய தொகை திரும்பாது என்று அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். ரசீதில் சிகிச்சையாளர் பெயரும் இல்லை, பதிவெண்ணும் இல்லை.

பிறகு அரசு இராஜாஜி மருத்துவமனையில் கழுத்தை முறையாகச் சோதித்து, மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்காமல் தாடையை மெல்ல உள்ளிழுத்து 10 விநாடி நிறுத்தும் பயிற்சியையும், தோள்பட்டைகளைப் பின்னிழுக்கும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார்கள். வலி அடியோடு போகவில்லை. வலி வரும் நாள்கள் குறைந்திருக்கின்றன.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கவிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இப்படிப் பணம் கட்டியவர்கள் அட்டையையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.