வாடிவாசல் மைக்கா, டிவி வர்ணனையா?

அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டு மேடையில் மைக் பிடித்துப் பழகியவர் டிவி கபடி வர்ணனைக்குப் போனால் முதலில் சறுக்குவது, வாயை மூடத் தெரியாததால்தான்.

வாடிவாசலில் மூச்சுவிடாமல் பேச வேண்டும்: மாட்டின் ஊர், உரிமையாளர் பெயர், பரிசு அண்டாவா பீரோவா, நடுநடுவே “திமிலை மட்டும் பிடிப்பா, வாலை விடு!” குழாய் ஸ்பீக்கர் 100 மீட்டர் தள்ளி இருந்தால் நம் குரலே 0.3 நொடி கழித்துக் காதில் வந்து மோதும். அதோடு போட்டிபோட்டால் பேச்சு குழறும். சின்ன வாக்கியம், பெயருக்குப் பின் ஒரு இடைவெளி, அவ்வளவுதான் வித்தை.

டிவியில் எதிரொலி இல்லை, ஆனால் காதுக்குள் தயாரிப்பாளர் இருக்கிறார். “ரீப்ளே, மூணு, ரெண்டு...” என்று அவர் எண்ணும்போதே நம் வாக்கியம் முடிய வேண்டும். “ரைடர் உள்ளே போகிறார்” என்பது வீண். அது திரையிலேயே தெரிகிறது. ரைடுக்கு, அதாவது ஒருவர் பாடிப் போய்த் திரும்ப, 30 நொடிதான். எதிரணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் சூப்பர் டேக்கிள் (ரைடரைப் பிடித்தால் கூடுதல் புள்ளி) வாய்ப்பு என்பதைப் பிடி விழுமுன் சொல்ல வேண்டும். பிறகென்றால் ஸ்கோர்போர்டே சொல்லிவிடும்.

சம்பாத்தியத்துக்கு வாடிவாசலை மட்டும் நம்ப முடியாது, தை பிறந்து சில மாதங்களோடு சரி. ஆனாலும் தொடக்கம் அங்கேதான் நல்லது: தப்பாகப் பெயர் சொன்னால் கூட்டமே திருத்தும்.