பழைய வின்செஸ்டர் 94-க்கு ஸ்கோப்: துளை போட்டா, போடாமலா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கான நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு முடிகிறது. மான் நன்றாக நடமாடுவதும் அந்த இரண்டு ஓரங்களில்தான். நாற்பத்தைந்தைத் தாண்டியவர் கையில் பழைய வின்செஸ்டர் 94 ரைஃபிள் இருந்தால், சரியாக அந்த நேரத்தில் பின் குறியின் வெட்டு மங்கிவிடும், முன் குறி மணி மானின் நிறத்தோடு கலந்துவிடும். .30-30 தோட்டாவில் ஒரு குறையும் இல்லை. 150 கிரெயின் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறக்குறைய 2,390 அடி வேகத்தில் கிளம்புகிறது. இங்குள்ள அடர்ந்த காட்டில் 100 கஜத்துக்கு மேல் சுட வாய்ப்பு வருவதே அபூர்வம். குறை கண்ணில்தான். அதனால் என்னுடைய 94-க்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டினேன், ரிசீவரில் (குழலுக்குப் பின்னால் இயக்கப் பாகங்கள் இருக்கும் உலோகக் கூட்டில்) துளை போடாமல். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிட்டது; காரணத்தைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில், இந்தத் துப்பாக்கியில் மட்டும் ஏன் இவ்வளவு யோசனை? ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வந்த இந்த ரைஃபிள், சுட்ட தோட்டாவின் காலி உறையை நேராக மேலே எறிகிறது. அந்த இடத்தில் ஸ்கோப் இருந்தால் உறை அதில் முட்டி உள்ளேயே விழும். மார்லின் 336-இல் உறை வலப்பக்கம் வெளியேறும், மேல்தளம் தட்டை, 1950களின் நடுவிலிருந்து தொழிற்சாலையிலேயே திருகுத் துளைகளோடு வந்தது. சாவேஜ் 99-உம் பக்கவாட்டில் எறிவதுதான். வின்செஸ்டர்காரர்கள் இதைச் சரிசெய்ய 1980களின் தொடக்கம் வரை ஆனது. அப்போது வந்த ஆங்கிள் எஜெக்ட் மாடலில் உறை வலப்பக்கம் சாய்ந்து போகும். ஆக, ஸ்கோப்தான் முக்கியம், இந்தத் துப்பாக்கி முக்கியமில்லை என்றால், பழையதை விற்றுவிட்டு நல்ல நிலையில் இருக்கும் ஒரு 336-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. 94-தான் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வழிகள் மிஞ்சும்.

ஒன்று, ரிசீவரின் இடப்பக்கம் துளை போட்டு, திருகு வெட்டி, பக்கவாட்டு மவுண்ட் (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) பொருத்துவது. 50களிலும் 60களிலும் ஏராளமானவர்கள் இதைத்தான் செய்தார்கள். ஸ்கோப் பேரலுக்கு (குழலுக்கு) நேர் மேலே நிற்காமல் இடது பக்கம் தள்ளி நிற்கும். காலி உறை அதன் ஓரமாகப் பறந்துபோகும். குறி தப்பும் என்ற பயம் தேவையில்லை. ஸ்கோப் ஓர் அங்குலம் தள்ளியிருந்து 100 கஜத்தில் நேர் செய்திருந்தால், 50 கஜத்தில் குண்டு அரை அங்குலம் வலது பக்கம் படும். 200 கஜத்தில் ஓர் அங்குலம் இடது பக்கம். மானின் நெஞ்சுப் பகுதிக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. தொல்லை கன்னத்தில்தான். இந்த ஸ்டாக் (தோளில் வைக்கும் மரப்பகுதி) தாழ்ந்த இரும்புக் குறிகளுக்காகச் செதுக்கியது. ஸ்கோப்புக்குள் பார்க்க வலது கைக்காரர் தலையை மேலேயும் இடது பக்கமும் கொண்டுபோக வேண்டும். கன்னம் மரத்தை விட்டுவிடும். தோல் பட்டை கட்டி உயரத்தைச் சமாளிக்கலாம், பக்கவாட்டு விலகலுக்கு அது போதாது. அப்புறம், 94-ஐ எடுத்துக்கொண்டு நடக்கும் சுகமே ரிசீவரை ஒரு கையால் அடியிலிருந்து பிடிப்பதுதான். அங்கே ஒரு மவுண்ட் உட்கார்ந்தால் அந்தச் சுகம் போச்சு.

இரண்டாவது, ஸ்கோப்பே வேண்டாம், ரிசீவரில் துவாரக் குறி (சிறு துளை வழியே பார்க்கும் பின் குறி) போதும் என்பது. வில்லியம்ஸ், லைமன் நிறுவனங்களின் குறிகள் இந்த ரைஃபிளுக்கென்றே செய்தவை. கண் துவாரத்தின் நடுவைத் தானாகத் தேடிக்கொள்ளும். முன் குறியை மட்டும் கவனித்தால் போதும். 1950களில் வந்த பல ரைஃபிள்களில் இதற்கான துளைகள் தொழிற்சாலையிலேயே போட்டவை. அப்படியென்றால் புதுக் காயம் எதுவும் இல்லை. பகல் வெளிச்சத்தில் எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அந்தி அரை மணியில் கைவிட்டுவிட்டது. முன் குறி தெரியாவிட்டால் துவாரம் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

மூன்றாவதுதான் என் தேர்வு. பேரலில் பின் குறி இருக்கும் டவ்டெயில் (அடி அகன்ற குறுக்கு வெட்டு) பள்ளத்தில் ஒரு மவுண்டை நுழைத்து, பேரலோடு அணைத்து இறுக்கி, அதன்மேல் நீண்ட தூரத்திலிருந்து பார்க்கும் ஸ்கவுட் ஸ்கோப் வைப்பது. முன்னே தள்ளி வைத்த இந்த ஏற்பாட்டை 1980களில் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பிரபலமாக்கினார். லியூபோல்டின் 2.5 மடங்கு ஸ்கவுட் போன்றவற்றைக் கண்ணிலிருந்து சுமார் 9 அங்குலம் தள்ளி வைத்துப் பார்க்கலாம். காலி உறை மேலே பறக்கத் தடை இல்லை. ஸ்கோப் பேரலுக்கு நேர் மேலேயே நிற்கும். ஹாமரை (சுடும் சுத்தியலை) இழுக்கக் கட்டைவிரலுக்கு இடம் இருக்கும், ரிசீவரைப் பிடித்து நடக்கலாம். இரண்டு கண்ணும் திறந்தே சுடலாம். அடர்ந்த காட்டில் இது பெரிய வசதி.

குறைகளும் உண்டு. சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து நிற்கும்போது, பின் லென்ஸுக்கும் உங்கள் முகத்துக்கும் இடையிலுள்ள அந்த 9 அங்குல வெளியில் ஒளி புகுந்து கண்ணாடி வெளிறிப்போகும். மரத்தில் சாய்த்த வேட்டை ஏணியில் உட்காரும் திசையை இதற்காகவே மாற்றிக்கொண்டேன். மெல்லிய பேரலில் எடை முன்னால் ஏறுவதால் தோளில் ஏற்றும்போது முனை சற்றுக் கனக்கும். எடையைக் குறைக்க நினைத்தால் சின்ன ரெட் டாட் (சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் குறி) வைக்கலாம். ஆனால் உருப்பெருக்கம் கிடையாது, புதருக்குள் கொம்பு எது, கிளை எது என்று பிரித்துப் பார்க்க அது உதவாது. .30-30-இன் உதை மென்மையானது. டவ்டெயில் பிடி அதற்குத் தாங்குகிறது. .307, .356 போன்ற பெரிய தோட்டாக்களுக்கும் தாங்குமா என்றால், நான் சுட்டுப் பார்த்ததில்லை.

பார்வைக்கு மட்டும் என்றால் முதல் வழியும் மூன்றாவதும் கிட்டத்தட்ட சமம். தராசைச் சாய்த்தது மறுவிற்பனை விலை.

1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்க இந்த ரைஃபிளின் தயாரிப்பையே மாற்றியது. தோட்டாவைத் தூக்கும் பாகம் தகட்டில் அடித்ததாயிற்று. திண்மையான ஊசிகளின் இடத்தில் சுருட்டிய குழாய் ஊசிகள் வந்தன. அதற்கு முந்தையவற்றைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். ரிசீவரின் அடியில், முன்பக்கம் வரிசை எண் இருக்கும். 27 லட்சத்திலிருந்து தொடங்குபவை பிந்தையவை. முந்தைய ரகத்தை வாங்க வருகிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? பேரலுக்குள் பார்ப்பதற்கு முன்பே துப்பாக்கியைத் திருப்பி ரிசீவரின் இடப்பக்கத்தைப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க மாட்டார்கள். துளையில் அடைப்புத் திருகு போட்டிருந்தாலும் தெரியும். வெல்டிங் வைத்து நிரப்பி, தேய்த்து, மறுபடி நீலம் (உலோகத்தின் கருநீலப் பூச்சு) ஏற்றினாலும் சாய்த்துப் பிடித்தால் அந்த வட்டம் மட்டும் வேறு நிழலில் தெரியும். போதாக்குறைக்கு, மறுபடி நீலம் ஏற்றியதற்காகவே இன்னொரு முறை விலை இறங்கும். எங்கள் ஊர்க் கடையில் ஒரே பத்தாண்டைச் சேர்ந்த இரண்டு 94-கள் அடுத்தடுத்து நின்றன. மரமும் பேரலும் ஏறக்குறைய ஒரே நிலை. ஒன்றில் இடப்பக்கம் பழைய மவுண்டின் துளைகள். அதன் விலைச்சீட்டு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. துளை போட்டவர் கன்ஸ்மித்துக்குக் (துப்பாக்கிக் கம்மியருக்கு) கொடுத்த கூலி தனி.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். உங்கள் துப்பாக்கியில் யாரோ முன்பே துளை போட்டிருந்தாலோ, ஸ்டாக்கை வெட்டி, உதையைத் தாங்க ரப்பர் அட்டை வைத்திருந்தாலோ, வரிசை எண் 1964-க்குப் பிந்தையதாக இருந்தாலோ, காப்பாற்றுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. தயங்காமல் பக்கவாட்டு மவுண்ட் போடுங்கள்; கன்னம் ஒத்துக்கொண்டால் ஸ்கவுட்டைவிட அதிக உருப்பெருக்கம் கிடைக்கும். தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கி, விற்கவே போவதில்லை என்பவர்களும் உண்டு. சரி, ஆனால் பேரப்பிள்ளைகள் சார்பில் நீங்கள் உத்தரவாதம் தர முடியாதே.

டவ்டெயில் வழியில் போகிறவர்களுக்கு: வேலையைத் தொடங்கும் முன் சேம்பரும் (தோட்டா அறை) டியூபும் (பேரலின் அடியில் தோட்டாக்கள் இருக்கும் குழாய்) காலி என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது பின் குறியை இடமிருந்து வலமாகத் தட்டி எடுக்க வேண்டும், மவுண்டை வலமிருந்து இடமாக ஏற்ற வேண்டும். தட்டுவதற்குப் பித்தளைக் கம்பி. எஃகு பட்டால் பேரலில் தழும்பு விழும், பிறகு துளை போடாமல் இருந்ததில் அர்த்தமே இல்லை. கழற்றிய குறியையும் அதன் அடியில் செருகியிருக்கும், உயரத்தை மாற்றும் படிக்கட்டுத் தகட்டையும் ஒரே பையில் போட்டு வரிசை எண்ணை எழுதி வையுங்கள். அந்தத் தகடு சின்னது, தொலைந்தால் அதே காலத்து அசல் தகட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.