முதலாண்டுச் சொத்துச் சட்டத்துக்கு ‘ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன்’ போதுமா?

சொத்துச் சட்டப் பாடம் தொடங்கியதிலிருந்து என் மடிக்கணினியில் மூடாமலே கிடக்கும் பக்கம் ‘சிங்கப்பூர் ஸ்டேட்யூட்ஸ் ஆன்லைன்’. நாட்டின் சட்டங்களை அப்படியே படிக்கத் தரும், தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நடத்தும் இலவசத் தளம். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் கேட்பது ஒன்றுதான்: “புத்தகம் வாங்கணுமா, இதுவே போதுமா?” போதாது. ஆனால் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டும் ஒப்பேற்ற முடியாது.

நிலம் என்றால் என்ன என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வானம் வரை, கீழே பாதாளம் வரை நிலக்காரனுக்கே சொந்தம் என்ற பழைய வாசகம் முதல் வகுப்பிலேயே வந்துவிடும். நில உரிமைப் பதிவுக்கான லேண்ட் டைட்டில்ஸ் சட்டத்தின் விளக்கப் பிரிவைத் திறந்தால், அனுபவிக்கத் தேவையான அளவு ஆகாயம்தான் உங்களுக்கு என்று இருக்கும். சரி, பாதாளம்? அதற்கு இன்னொரு சட்டத்துக்குப் போக வேண்டும். 2015இல் அரசு நிலங்களுக்கான ஸ்டேட் லேண்ட்ஸ் சட்டத்தைத் திருத்தி எல்லை போட்டார்கள். அரசு உரிமைப் பத்திரத்தில் ஆழம் குறிப்பிடாவிட்டால், சிங்கப்பூர் உயர அளவீட்டுக் குறியிலிருந்து (உயரங்களை அளக்கத் தொடங்கும் அடிப்படை மட்டம்) 30 மீட்டர் கீழே வரைதான் நிலக்காரருக்கு. இப்படி விதிகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கும். எதை எதோடு சேர்த்துப் படிப்பது என்று காட்டத்தான் பாடப்புத்தகம்.

லேண்ட் டைட்டில்ஸ் சட்டத்தின் பிரிவு 46ஐ மட்டும் அச்செடுத்து மேசை மேல் ஒட்டிவையுங்கள். 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் பிறந்த டோரன்ஸ் நிலப் பதிவு முறையின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது: பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் உரிமை அசைக்க முடியாதது. விதிவிலக்குகளை வரி வரியாகப் படியுங்கள். மோசடி நடந்தது என்பது மட்டும் போதாது, பதிவு பெற்றவரோ அவருடைய முகவரோ அதில் பங்கெடுத்திருக்க வேண்டும். இதைப் படித்த கையோடு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு பீபி வழக்குத் தீர்ப்பையும் படித்தால், ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பது புரியும்.

பழைய தீர்ப்புகளில் இதே லேண்ட் டைட்டில்ஸ் சட்டம் ‘அத்தியாயம் 157’ என்று வரும். 2020 திருத்தப் பதிப்பு 2021 டிசம்பர் 31இல் நடப்புக்கு வந்தபோது அந்த எண்கள் போய், ஆண்டோடு பெயர் சொல்வது வழக்கமாகிவிட்டது. தளத்தில் தேதி வாரியாகப் பழைய வடிவங்களையும் பார்க்கலாம். தீர்ப்பு வந்த காலத்து வடிவத்தையே எடுத்துப் படியுங்கள். தேடும்போது சட்டத்தை முழு ஆவணமாகத் திறந்துகொள்வது நல்லது.

தளம் கைகொடுக்காத இடமும் உண்டு. தெம்பனிஸில் இருக்கும் சித்தப்பா ஒருநாள், “தம்பி, உங்க சித்தியும் நானும் சேர்ந்து வாங்கின வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. என் பாதியை உயில்ல மகன் பேருக்கு எழுதலாமா?” என்று கேட்டார். ஜாயின்ட் டெனன்சி என்றால் ஒருவர் காலமானதும் முழு உரிமையும் மற்றவருக்குத்தான். உயில் அங்கே செல்லாது. டெனன்சி இன் காமன் என்றால் அவரவர் பங்கை எழுதி வைக்கலாம். இந்த விதி இங்கிலாந்து நீதிபதிகள் காலங்காலமாக வளர்த்தது. ‘ஜாயின்ட்’ என்று தேடிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போகுமே தவிர இந்த விளக்கம் கிடைக்காது. புத்தகத்தை எடுங்கள்.

ஸ்ட்ராட்டா பகுதிக்கு, அதாவது பலர் தனித்தனி வீடு வைத்திருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு, வந்ததும் கதை மாறும். கட்டடம் முழுவதையும் சேர்த்து விற்கும் ஒட்டுமொத்த விற்பனையின் விதி முழுக்க நாடாளுமன்றம் எழுதியது. கட்டி முடித்துப் பத்தாண்டு ஆகாத கட்டடமென்றால் உரிமைப் பங்கில் 90%, அதைத் தாண்டியதென்றால் 80% வைத்திருப்பவர்களின் சம்மதம் வேண்டும். எல்லாம் லேண்ட் டைட்டில்ஸ் (ஸ்ட்ராட்டா) சட்டத்தின் பிரிவு 84Aஇல் இருக்கிறது. அந்த வாரம் நான் புத்தகத்தைத் தொடவே இல்லை.